பச்சிலைப் பாலாடைக்கட்டி: விருந்துக்கு ஒரு புதுச் சுவை

பால் பொங்கினால் மங்கலம் என்றும், திரிந்தால் நட்டம் என்றும் எண்ணிப் பழகியவர்கள் நாம். புதுமனை புகும்போது பால் காய்ச்சுகிறோம்; தைத் திங்கள் முதல் நாளில் பொங்கலிடுகிறோம். அதே பால் அடுப்பில் திரிந்துவிட்டாலோ, வீட்டிலுள்ளோர் முகம் வாடிப் போகிறது. ஆனால் உலகின் பல பகுதிகளில் பாலைத் திரியவைப்பதே ஒரு தொழிலாக, ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. தானே திரிந்தால் அது கேடு. நாம் அறிந்து, அளவோடு திரித்தால் அது உணவு. இந்த வேறுபாட்டை விளக்குவதும், அதைக்கொண்டு நம் கல்லூரித் தேநீர் விருந்துகளுக்கு ஏற்ற ஓர் எளிய பண்டத்தைச் செய்யும் முறையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒவ்வோர் ஆண்டும் பிரிவுபசார விழா வருகிறது. ஒரு சமோசா, ஒரு இனிப்பு, ஒரு குவளைத் தேநீர் என்று பட்டியல் மாறாமல் இருக்கிறது. நகரத்து உணவு விடுதிகளில் விருந்தின் தொடக்கத்தில் 'ஸ்டார்ட்டர்' என்று ஒரு சிறு பண்டம் தருகிறார்கள். அவற்றுள் ஒன்று பச்சிலைகள் கலந்த மென்மையான சீஸ். விலையைக் கேட்டால் மாணவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். உண்மையில் அதன் மூலப்பொருள்கள் அனைத்தும் நம் வீட்டுக் கொல்லையிலும் தெருமுனைப் பால் கடையிலும் உள்ளவையே.

பெயரும் பொருளும்

சீஸ் என்பதைத் தமிழில் பாலாடைக்கட்டி என்கிறோம். இப்பெயர் சிறிது மயக்கம் தருவது. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு. சீஸோ அந்த ஏட்டினால் ஆனதன்று. பாலிலுள்ள புரதம் திரண்டு, கொழுப்பையும் உடன் பிடித்துக்கொண்டு கட்டியாவதே சீஸ். பெயர் வழக்கில் நிலைத்துவிட்டபடியால் நாமும் அதையே ஆள்வோம். ஆனால் ஏட்டைத் திரட்டிக் கட்டியாக்க முனைந்தால் கிடைப்பது வெண்ணெயே அன்றிப் பாலாடைக்கட்டி அன்று என்பதை நினைவிற் கொள்க.

பாலுக்குள் நிகழ்வது என்ன?

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். எஞ்சியதில் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை அடங்கும். புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்பதாகும். இக்கேசின் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. பால் வெண்மையாகவும் ஒரே சீராகவும் தோன்றுவதற்கு இதுவும் காரணம்.

புதிய பாலின் பி.எச். அளவு ஏறக்குறைய 6.6 முதல் 6.8 வரை இருக்கும். பாலில் அமிலம் கூடக் கூட இந்த அளவு குறைகிறது. உருண்டைகளின் மின்னேற்றமும் குறைகிறது. 4.6 என்ற நிலையில் மின்னேற்றம் சமனாகிவிடுகிறது. விலக்கும் விசை போனபின் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் பின்னிக்கொள்கின்றன. இதுவே பால் உறைதல். எலுமிச்சைச் சாறு விட்டாலும், மோர்விட்டு உறைய வைத்தாலும் அடிப்படை ஒன்றே. வேகம் மட்டுமே வேறு.

அமிலத்தை நாம் வெளியிலிருந்தும் சேர்க்கலாம். நுண்ணுயிர்களைக் கொண்டு பாலுக்குள்ளேயே உண்டாக்கவும் செய்யலாம். புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780-ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டியவர் ஷீலே என்னும் வேதியியலறிஞர். அப்புளிப்பு உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1857-இல் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். நம் பாட்டிமார் ஒரு கரண்டி உறைமோரில் எத்தனையோ தலைமுறையாகச் செய்து வந்த வேலைக்கு இவர்கள் விளக்கம் தந்தனர் எனலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் நொதியைக் கொண்டு உறைய வைப்பது அது. ஐரோப்பிய நாடுகளின் கடினமான சீஸ் வகைகள் பல இவ்வாறே பிறந்தன. இன்று பூஞ்சைகளிலிருந்தும் இதையொத்த நொதியைப் பெறுகிறார்கள். ஆகவே மரக்கறி உணவினர் உண்ணத்தக்க சீஸும் கிடைக்கிறது. நம் செய்முறைக்கு ரென்னெட் தேவையே இல்லை.

உலகெங்கும் ஓர் உறவு

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் வடிந்து கெட்டித் தயிர் எஞ்சும். லெபனான் முதலிய நாடுகளில் இதற்கு லப்னே என்று பெயர். அதில் உப்புச் சேர்த்து, உருண்டைகளாக்கி ஆலிவ் எண்ணெயில் இட்டு வைப்பார்கள். மராட்டியத்திலும் குஜராத்திலும் இதே பொருளுடன் சர்க்கரையும் ஏலமும் கலந்து ஸ்ரீகண்ட் செய்கிறார்கள். ஒரே தயிர் ஓரிடத்தில் உப்போடும் ஓரிடத்தில் இனிப்போடும் உறவு கொண்டது!

பச்சிலை சேர்க்கும் வழக்கமும் பழையதே. துருக்கியின் கிழக்கே வான் ஏரியைச் சூழ்ந்த பகுதியில் ஆட்டுப்பாலில் செய்யும் சீஸுடன் மலைக்காட்டுப் பூண்டுத்தழை முதலியவற்றைக் கலக்கிறார்கள். பிரெஞ்சு நாட்டு விருந்துகளில் புதுச் சீஸை ஒரு கிண்ணத்திலும், நறுக்கிய பச்சிலைகளை வேறு கிண்ணங்களிலும் வைப்பதுண்டு. விருந்தினர் தத்தம் விருப்பப்படி கலந்து உண்பர். இவ்வழக்கத்தை அடியொற்றி, நார்மண்டியில் ஃபிரான்சுவா பூர்சேன் என்பவர் 1957-இல் சீஸ் தொழில் தொடங்கினார். அவர் பூண்டு கலந்த சீஸ் வெளியிடப் போவதாக ஒரு நாளிதழ் தவறாகச் செய்தி வெளியிட்டது. மக்கள் கடைகளில் அதைக் கேட்கத் தொடங்கவே, 1963-இல் பூண்டும் பச்சிலையும் கலந்த சீஸை அவர் உண்மையிலேயே செய்து விற்றார். இன்று பல நாட்டு விருந்துகளில் ரொட்டித் துண்டின்மேல் தடவித் தரப்படுவது இந்த வகைதான்.

நம் பகுதிக்கும் ஐரோப்பியருக்கும் உறவு புதிதன்று. பொன்னேரிக்குக் கிழக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1609-ஆம் ஆண்டளவில் வந்து தங்கிக் கோட்டையும் கட்டிக்கொண்டனர். அவர்களது கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. சீஸுக்குப் பெயர் பெற்ற நாட்டினர் அவ்வளவு நெடுங்காலம் நம் கடற்கரையில் வாழ்ந்தும், நம் வீட்டுச் சமையலில் அது இடம்பெறவில்லை. நம்மிடம் தயிரும் மோரும் வெண்ணெயும் நெய்யும் நிறைந்திருந்தபோது வேறொன்றைத் தேட வேண்டிய தேவை எழவில்லை போலும்! இப்போது காலம் மாறியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்ய வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் உணவுப் பழக்கத்தோடு பனீரும் நம் கடைத்தெருவுக்கு நன்கு பழக்கமாகிவிட்டது.

நம் கொல்லையின் பச்சிலைகள்

பிரெஞ்சுக்காரரின் பச்சிலைகள் இங்கே கிடைக்காவே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஐரோப்பியர் விரும்பும் ஓரிகானோ, தைம் ஆகிய இலைகளின் மணத்துக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்னும் வேதிப்பொருள்கள். இவையே நம் கற்பூரவல்லியிலும் உள்ளன. சளி பிடித்த குழந்தைக்குச் சாறு பிழிந்து கொடுக்கும் அதே கற்பூரவல்லிதான். ஓமத்தின் மணமும் தைமாலால் வருவதே. இத்தாலியர் போற்றும் பேசில் என்பது நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை. அதன் விதையைத்தான் சப்ஜா என்று சர்பத்தில் போடுகிறார்கள்.

கொத்தமல்லியும் புதினாவும் சொல்லாமலே விளங்கும். கறிவேப்பிலையைப் பச்சையாக இட்டால் நாவில் தட்டும். சிறிது எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து நொறுக்கிச் சேர்க்க வேண்டும். கற்பூரவல்லி நீர்ச்சத்து மிக்கது; மணமும் கடுமையானது. நூறு கிராம் கட்டிக்கு ஒரு சிறிய இலை போதும். மிகுந்தால் விருந்து மருந்தாகிவிடும்!

இவ்விலைகளின் மணத் தைலங்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. கொழுப்பில் நன்கு கரைகின்றன. ஆகையால் கொழுப்புள்ள பாலில் செய்த கட்டியே மணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கலந்தவுடன் பரிமாறாமல் இரண்டு மூன்று மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

எந்தப் பால்?

கடைப்பாலில் சட்டப்படி வகைகள் உண்டு. நிறை கொழுப்புப் பாலில் 6 விழுக்காடும், நிலைப்படுத்தப்பட்ட பாலில் 4.5 விழுக்காடும், சமன்படுத்தப்பட்ட பாலில் 3 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும். நமக்கு உகந்தது முதல் வகை. எருமைப்பால் கிடைத்தால் மிக நன்று. அதில் கொழுப்பு இயல்பாகவே 6, 7 விழுக்காடு இருக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பாலுக்குக் குறைவில்லை. ஏரிப்பாசனமும் வைக்கோலும் உள்ள ஊர்களில் ஒன்றிரண்டு மாடு வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். விடியற்காலையில் அவர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பால்தான் பாக்கெட்டாக நம்மிடம் திரும்பி வருகிறது. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981-இல் அமைந்தது. அதன் விற்பனைப் பெயரான 'ஆவின்' என்பதற்கு 'பசுவினுடைய' என்று பொருள். நல்ல தமிழ்ப் பெயர்!

செய்முறை

ஐம்பது பேருக்கு, ஆளுக்கு இரண்டு துண்டு வீதம் நூறு துண்டுகள் என்று கொள்வோம். ஒரு துண்டுக்கு 12 கிராம் வீதம் 1,200 கிராம் கட்டி வேண்டும். நன்கு வடித்தால் தயிரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கட்டியாகும். ஆகவே 3 லிட்டர் பால் சரியாக இருக்கும்.

தேவையானவை: நிறை கொழுப்புப் பால் 3 லிட்டர், புளிக்காத உறைமோர் 3 மேசைக்கரண்டி, உப்பு 12 முதல் 15 கிராம், மிளகு நொறுக்கியது 2 தேக்கரண்டி, பூண்டு 6 பல், கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா அரைக் கட்டு, கறிவேப்பிலை 4 ஈர்க்கு, கற்பூரவல்லி 10 சிறிய இலைகள், பச்சை மிளகாய் விரும்பினால் 4.

முதற்படி: பாலை நன்றாகக் காய்ச்சிச் சில நிமிடம் கொதிக்க விடுக. கேடு செய்யும் கிருமிகள் இதனால் மடியும். மேலும், கேசின் அல்லாத மற்றப் புரதங்கள் வெப்பத்தால் உருமாறிக் கேசினோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டியாக உறையும்.

இரண்டாம் படி: பால் 40 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறட்டும். விரலை வைத்தால் இளஞ்சூடாக, சுடாமல் இருக்க வேண்டும். உறைமோரைக் கலந்து மூடி வைக்க. கோடையில் நாலைந்து மணி நேரத்திலும், மார்கழியில் எட்டு மணி நேரத்திலும் உறையும். கூடுதலாகப் புளிக்கவிடல் ஆகாது. உறைந்ததும் குளிர்பெட்டிக்குள் வைக்க.

மூன்றாம் படி: மல் துணியை வெந்நீரில் கொதிக்கவைத்துப் பிழிந்து, அதில் தயிரை இட்டு மூட்டையாகக் கட்டி, ஒரு வடிதட்டில் வைத்து, கீழே பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைக்க. சமையலறைக் குழாயில் நாள் முழுதும் தொங்கவிடும் வழக்கம் நம் வெப்பத்துக்கு ஏற்றதன்று. புளிப்பும் ஏறும், தூசியும் சேரும். வடிந்த தெளிநீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைய நன்கு உதவும்.

நான்காம் படி: இலைகளைப் பலமுறை அலசி, துணியில் பரப்பி ஈரம் முற்றும் உலர்த்திய பின்னரே நறுக்குக. ஈர இலை கட்டியை நீர்த்துப் போகச் செய்யும். விரைவில் கெடவும் வைக்கும். பூண்டை நசுக்கிச் சிறிது எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கி ஆறவிடுக. எல்லாவற்றையும் வடித்த கட்டியுடன் கரண்டியால் கலந்து, மூடி, மீண்டும் குளிரில் வைக்க.

ஐந்தாம் படி: பரிமாறும்போது ரொட்டித் துண்டு தேடி அலைய வேண்டாம். நம் அரிசித் தட்டையைவிடச் சிறந்த தாங்கி வேறில்லை. சிறு தட்டைமேல் ஒரு தேக்கரண்டி அளவு வைத்து, மேலே பொரித்த கறிவேப்பிலை ஒன்றைச் செருகுக. முன்கூட்டியே வைத்துவிட்டால் தட்டை நமுத்துப் போகும். ஆகவே விருந்தினர் அமர்ந்த பின்னரே இவ்வேலை. வட்டமாக அரிந்த வெள்ளரிப் பிஞ்சும் ஏற்றது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விருந்து என்றால் புதன் இரவு உறையிட வேண்டும், வியாழன் வடிகட்டல், வெள்ளி காலை கலவை. அவசரத்துக்கு அடங்கும் பண்டம் அன்று இது.

எச்சரிக்கை வேண்டும்

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் வள்ளுவர். விருந்தினரை மகிழ்விப்பது ஒரு பாதி. அவர் நலத்தோடு வீடு திரும்புவது மறு பாதி. கூட்டமாக உண்ணும் இடத்தில் ஒருவர் கவனக்குறைவு ஐம்பது பேரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். இத்தகைய உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரமே எல்லை. நம் மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலும் அதற்கு மேல் காய்கிறது. மீஞ்சூரிலிருந்தோ கவரைப்பேட்டையிலிருந்தோ மின்தொடர் வண்டியில் கொண்டு வருவோர் தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டியிட்டு அதனுள் வைத்தே கொண்டு வர வேண்டும்.

தயிர்க்கட்டிக்கு ஒரு நற்பேறு உண்டு. அதன் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருப்பதால் பொட்டுலினம் போன்ற கொடிய கிருமி அதில் வளர இயலாது. பனீர் அப்படியன்று. சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டு நொடியில் திரிக்கப்படும் அதில் புளிப்பு குறைவு, ஈரம் மிகுதி. வெளியில் வைத்தால் ஒரே நாளில் கெடும். குளிர்பெட்டி வசதி குறைந்த இடத்தில் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமானால் தயிர்க்கட்டியையே தேர்க. ஆயினும் புளிப்பு எல்லாக் கிருமிகளுக்கும் காவலன்று. கையில் வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளவர் கலவையைத் தொடக்கூடாது. புண்ணிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் உண்டாக்கும் நச்சு, பிறகு கொதிக்க வைத்தாலும் அழியாது. காய்ச்சாத பாலில் ஒருபோதும் செய்யலாகாது.

விலை மலிவென்று கூட்டத்துக்காகப் பனீர் வாங்குவோர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்யும் போலிக் கட்டிகள் சந்தையில் உலவுகின்றன. சட்டப்படி பனீரின் உலர் எடையில் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருத்தல் வேண்டும். மாவுப்பொருள் கலந்திருந்தால் நாமே கண்டறியலாம். சிறு துண்டை நீரில் கொதிக்கவைத்து, நன்கு ஆறியபின் ஒரு துளி அயோடின் கரைசல் விட்டால், நீல நிறம் மாவைக் காட்டிக் கொடுக்கும். சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் தோன்றாது. ஆகவே ஆறவிடுதல் இன்றியமையாதது. சோதித்த துண்டை உண்ணாமல் எறிந்துவிட வேண்டும்.

முடிவுரை

அமிலம், காரம், மின்னேற்றம், நொதி என்று தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்பவை யாவும் ஒரு பானைத் தயிருக்குள் நாள்தோறும் நிகழ்கின்றன. அயல்நாட்டுப் பெயரோடு வரும் பண்டமெல்லாம் நம் கைக்கு எட்டாதது என்று எண்ண வேண்டியதில்லை. அதன் அடிப்படையைப் புரிந்துகொண்டால், நம் மாட்டின் பாலும் நம் கொல்லையின் கற்பூரவல்லியும் நம் ஊர்த் தட்டையும் சேர்ந்து அதை நமதாக்கிவிடும். வேண்டுவன மூன்று: நல்ல பால், தூய கை, பொறுமை. இவை மூன்றும் கூடினால், திரிந்த பாலும் விருந்தினர் விரும்பிக் கேட்கும் உணவாகும். வரும் பிரிவுபசார விழாவில் நம் துறை மாணவர்கள் இதைச் செய்து பார்ப்பார்களாக!